லாங் பிராஞ்ச் 1943 லீ-என்ஃபீல்ட்: என்ன ரகம், என்ன விலை கொடுக்கலாம்?

கொக்குவிலான் (மிசிசாகா)

எல்லாருக்கும் வணக்கம். எங்கள் பக்கத்து வீட்டு முதியவர் அண்மையில் காலமானார். அவருடைய மனைவி வீட்டை விற்றுவிட்டு மகளோடு போய் இருக்கப்போகிறார். பேஸ்மென்டில் பழைய துவக்கு ஒன்று கிடக்கிறதாம். "நீங்கள் மான் வேட்டைக்குப் போகிறவர்தானே, ஒரு நியாயமான விலை சொல்லி எடுத்துக்கொள்ளுங்கள்" என்கிறார். என்னிடம் லைசென்ஸ் இருக்கிறது. ஆனால் என்னுடைய வேட்டைத் துவக்கைத் தவிர எனக்கு ஒன்றும் தெரியாது.

நேற்றுப் போய்ப் பார்த்தேன். ரிசீவரின் (குழலுக்குப் பின்னால் உள்ள இரும்பு உடலின்) இடது பக்கத்தில் நம்பர் 4 மார்க் 1* என்றும், லாங் பிராஞ்ச் 1943 என்றும் பொறித்திருக்கிறது; லீ-என்ஃபீல்ட் என்ற பிரிட்டிஷ் ராணுவ ரைஃபிளாம். முன்பக்க மரம் நுனி வரைக்கும் முழுதாக இருக்கிறது. குறி பார்க்கும் பின்சைட்டில் இரண்டு ஓட்டை, மடக்கி மாற்றலாம். காலமானவருடைய தகப்பனார் இரண்டாம் உலகப் போரில் நோர்மண்டியில் இறங்கியபோது கையில் வைத்திருந்த துவக்கு இதுதான் என்று குடும்பத்தில் சொல்கிறார்கள்.

இணையத்தில் தேடினால் 300 டொலருக்கும் இருக்கிறது, 2,500 டொலருக்கும் இருக்கிறது. அந்த அம்மாவை ஏமாற்றவும் மனமில்லை, நான் ஏமாறவும் விருப்பமில்லை. விஷயம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

சாணக்கியன்72

நோர்மண்டி துப்பாக்கியா! யோசிக்காமல் வாங்குங்கள். கட்டையை நன்றாக மணல்தாள் போட்டுத் தேய்த்து, இரண்டு கோட்டு வார்னிஷ் அடித்து, உலோகத்துக்குப் புது ப்ளூயிங் (கருநீலப் பூச்சு) போட்டால் 2,500 நிச்சயம். கதை வேறு இருக்கிறது, 3,000 கூடக் கேட்கலாம்.

பழைய இரும்பு (மிச்சிகன்)

சாணக்கியன், உங்கள் யோசனையைக் கேட்டால் அந்தத் துப்பாக்கியின் விலை ஒரே நாளில் பாதியாகிவிடும். கொக்குவிலான், மணல்தாளை வீட்டுக்குள்ளேயே கொண்டுவராதீர்கள். ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

முதலில் ரகம். லாங் பிராஞ்ச் தொழிற்சாலை நீங்கள் இருக்கும் ஊரிலேயே இருந்தது. டொராண்டோவுக்கு மேற்கே லேக்‌ஷோர் சாலையில், ஸ்மால் ஆர்ம்ஸ் லிமிடெட் என்ற அரசு நிறுவனம். 1941-இல் முதல் ரைஃபிள் வெளிவந்தது. போர் முடிவதற்குள் ஏறக்குறைய ஒன்பது லட்சம் செய்துவிட்டார்கள். வேலை செய்தவர்களில் பெரும்பகுதி பெண்கள். சோதனைக்கூடக் கட்டிடம் இன்னும் நிற்கிறது, இப்போது கலை மையம்.

ஒன்பது லட்சம் என்றதும் புரிந்திருக்கும், 1943 லாங் பிராஞ்ச் அரிய பொருள் அல்ல. 1941 தேதி போட்டது குறைவு. 1950 தேதி போட்டதற்கும் தனி கிராக்கி உண்டு. 42, 43, 44 எல்லாம் ஊர் முழுக்கக் கிடக்கும். அதனால் விலையைத் தீர்மானிப்பது ஆண்டு அல்ல. தொழிற்சாலையையும் ராணுவத்தையும் விட்டு வெளியே வந்த பிறகு யாராவது அதில் கை வைத்தார்களா என்பதுதான்.

ஐம்பதுகளிலும் அறுபதுகளிலும் இவற்றைச் சல்லிசாக விற்றுத் தள்ளினார்கள். வாங்கியவர்கள் மான் வேட்டைக்காக முன்பக்க மரத்தை அறுத்து எறிந்தார்கள், சிலர் குழலையும் குட்டையாக்கினார்கள். ஸ்போர்ட்டர் என்பது அதுதான். நீங்கள் பார்த்த 300 டொலர் விளம்பரங்கள் பெரும்பாலும் அந்த வகை. மரம் முழுதாக இருப்பது உங்களுக்கு நல்ல செய்தி. ஆனாலும் பிறகு வாங்கி மாட்டிய புது மரமா, பழையதா என்று பார்க்க வேண்டும்.

கீழே உள்ளவற்றைப் பார்த்து எழுதுங்கள். நல்ல பகல் வெளிச்சத்தில், பக்கவாட்டிலிருந்து டார்ச் அடித்துப் பாருங்கள், மங்கிய முத்திரைகள் அப்போதுதான் எழும்.

சீரியல் நம்பர் இடது பக்கம், கட்டை மாட்டியிருக்கும் இரும்புக் கழுத்தில் இருக்கும். லாங் பிராஞ்ச் என்றால் எண்களுக்கு நடுவே எல் என்ற எழுத்து வரும். அமெரிக்காவில் சாவேஜ் செய்தது என்றால் சி வரும், ரிசீவரில் யு.எஸ். ப்ராபர்ட்டி என்றும் இருக்கும். அதே எண் போல்ட் (தோட்டாவை உள்ளே தள்ளிப் பூட்டும் இரும்புத் தண்டு) கைப்பிடியின் அடியிலும் இருக்கிறதா? முன்பக்க மரத்தின் நுனிக்கு அடியிலும் சில சமயம் எண் இருக்கும், மறக்காமல் பாருங்கள்.

மரத்திலும் இரும்பிலும் சி எழுத்துக்குள் அம்பு வரைந்த முத்திரை தெரிகிறதா? அது கனடா அரசின் சொத்து முத்திரை. எத்தனை இடத்தில் தெரிகிறதோ அவ்வளவு நல்லது. மணல்தாள் முதலில் அழிப்பது இதைத்தான். அழிந்தால் திரும்ப வராது.

கடைசியாக, குழல் ரிசீவரோடு சேரும் தடித்த பகுதியில் குட்டி எழுத்துகள் ஏதாவது இருக்கின்றனவா? அது மிக முக்கியம். என்ன இருந்தாலும் அப்படியே எழுதுங்கள்.

லண்டன் வாசு

இரும்பு அண்ணா சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். சாணக்கியன் சொன்ன 2,500, 3,000 எல்லாம் நம்பர் 4 (டி) என்ற ஸ்னைப்பர் ரகத்துக்குக் கேட்கிற விலை, அதுவும் இப்போது அதற்கு மேலேயே போகிறது. அது வேறு சாதி. சோதனையில் குறி நன்றாக விழுந்த ரைஃபிள்களைப் பொறுக்கி எடுத்து ஸ்கோப் மாட்டியவை. பிரிட்டனில் பெரும்பாலானவற்றை ஹாலண்ட் அண்ட் ஹாலண்ட் மாற்றிக்கொடுத்தது. லாங் பிராஞ்ச் தானே ஒரு சிறு தொகை செய்தது.

ரிசீவரின் இடது சுவரில் ஸ்கோப் தாங்கிக்காகத் திருகிவைத்த இரண்டு இரும்புப் பட்டைகள் இருக்கும். கட்டையில் கன்னம் வைக்க மேடை இருக்கும். கட்டையின் கழுத்தின் மேல்புறம் ஸ்கோப்பின் எண் அடித்திருக்கும். இந்த மூன்றும் இல்லாமல் டி என்ற எழுத்து மட்டும் எங்கோ இருந்தால், அதைப் போன வாரம் யாரோ அடித்திருக்கவும் கூடும். போலி ஸ்னைப்பர் செய்வது இங்கே ஒரு குடிசைத் தொழில்.

கொக்குவிலான் (மிசிசாகா)

நன்றி அண்ணை. இன்று பின்னேரம் டார்ச்சோடு போய் வடிவாகப் பார்த்தேன்.

பட்டை, கன்ன மேடை எதுவும் இல்லை, ஆக ஸ்னைப்பர் இல்லை. சீரியலில் எல் இருக்கிறது. கட்டையின் வலது பக்கத்தில் சி-க்குள் அம்பு ஒன்று நன்றாகத் தெரிகிறது, முன்மரத்திலும் மங்கலாக ஒன்று. மரம் கருத்துப்போய் எண்ணெய் ஊறின நிறம். கீறல்கள் உண்டு, வெடிப்பு என் கண்ணுக்குத் தெரியவில்லை. குழலுக்குள் பார்த்தேன், தோட்டாவைச் சுழலவிடும் வரிப்பள்ளம் இரண்டே இரண்டுதான் இருக்கிறது. தேய்ந்துபோய்விட்டதோ?

போல்ட்டில் இருக்கிற எண் வேறு. அதில் எல்லே இல்லை.

குழலின் தடித்த பகுதியில் மிகச் சின்னதாக .303, 2.222, பிறகு 18.5 டன்ஸ் என்று இருக்கிறது. பக்கத்தில் கிரீடம் வைத்த குட்டி முத்திரைகள். இது என்ன, எடையா? ரிசீவர் வளையத்தில் இங்கிலாந்து என்றும் ஒரு சொல். கனடாவில் செய்த துவக்கில் இங்கிலாந்து ஏன் என்று விளங்கவில்லை.

பழைய இரும்பு (மிச்சிகன்)

ஆகா, அந்தக் குட்டி எழுத்துகள்தான் நான் எதிர்பார்த்தது.

இரண்டு வரிப்பள்ளம் தேய்மானம் இல்லை. போர்க்காலத்தில் வேகமாகச் செய்வதற்காக லாங் பிராஞ்சிலும் சாவேஜிலும் இரண்டு பள்ளக் குழல் போட்டார்கள். சுடுவதில் குறை ஒன்றும் இல்லை. பள்ளத்தின் விளிம்பு கூர்மையாக, உள்ளே பளபளப்பாக இருக்கிறதா என்பதை மட்டும் பாருங்கள். அந்தக் காலத்துத் தோட்டாக்களின் ப்ரைமர் (மருந்தைப் பற்றவைக்கும் அடிமூடி) உப்பைக் கக்கும். சுட்ட அன்றே வெந்நீர் விட்டுக் கழுவாத குழலெல்லாம் உள்ளே சொரசொரவென்று அரித்துப்போயிருக்கும்.

18.5 டன்ஸ் என்பது எடை அல்ல, சதுர அங்குலத்துக்கான அழுத்தம். .303 என்பது குழலின் விட்டம், 2.222 என்பது தோட்டாக் கூட்டின் நீளம், இரண்டும் அங்குலத்தில். பிரிட்டனில் ஒரு துப்பாக்கியைத் தனியாருக்கு விற்க வேண்டும் என்றால் லண்டனிலோ பர்மிங்காமிலோ உள்ள ப்ரூஃப் ஹவுஸில் கூடுதல் அழுத்தத் தோட்டாவைச் சுட்டுச் சோதித்து முத்திரை வாங்க வேண்டும், அது சட்டம். ராணுவத்தில் இருக்கும்வரை இந்த முத்திரை தேவையில்லை. ஆகவே உங்கள் பக்கத்து வீட்டு ரைஃபிள் மிசிசாகாவில் பிறந்து, பிரிட்டிஷ் ராணுவத்துக்குப் போய், போர் முடிந்தபின் அங்கே உபரியாகக் கழிக்கப்பட்டு, ஒரு வியாபாரி கையில் முத்திரை வாங்கி, ஏற்றுமதிக்காக இங்கிலாந்து என்ற சொல்லும் அடிபட்டு, அட்லாண்டிக்கைத் திரும்பக் கடந்து வந்திருக்கிறது. பயணம் சுவாரசியமானதுதான். ஆனால் அந்தத் தகப்பனார் நோர்மண்டியிலிருந்து தோளில் போட்டுக்கொண்டு வந்தது அல்ல. சிப்பாய்களின் ரைஃபிள் அரசின் சொத்து, ஊருக்குப் போகும்போது திருப்பிக் கொடுத்துவிட்டுத்தான் போக வேண்டும். அவர் போருக்குப் போனது உண்மையாகவே இருக்கலாம். பிறகு கடையில் தான் பயன்படுத்திய ரகத்திலேயே ஒன்றை ஆசைப்பட்டு வாங்கியிருப்பார். வீட்டில் அது காலப்போக்கில் 'அந்தத் துப்பாக்கி' ஆகிவிடும். அந்த அம்மாவிடம் இதை விளக்கப் போக வேண்டியதில்லை என்பது என் கருத்து. அந்தக் கதைக்குத் தனியாகக் காசு கொடுக்காமல் இருந்தால் போதும்.

போல்ட் எண் மாறியிருப்பது விலையைக் குறைக்கும், பாதுகாப்பு விஷயமும் ஆகும். லீ-என்ஃபீல்டில் ஹெட்ஸ்பேஸ், அதாவது போல்ட் தலைக்கும் தோட்டா உட்காரும் இடத்துக்கும் உள்ள இடைவெளி, சரிசெய்வது போல்ட் தலையை மாற்றித்தான். தலையில் 0, 1, 2, 3 என்று எண் இருக்கும், எண் கூடக்கூட நீளம் கூடும். வேறு ரைஃபிளின் போல்ட் வந்து உட்கார்ந்திருந்தால் கேஜ் வைத்துப் பார்க்காமல் ஒரு தோட்டாகூடப் போடக்கூடாது. அப்படியே டிபி என்ற எழுத்துகள் எங்காவது இருக்கின்றனவா என்றும் பாருங்கள். பயிற்சி நடைக்கு மட்டும் என்று ஒதுக்கியதன் குறி அது, அதைச் சுடவே கூடாது.

ஓஹையோ முத்து

இடையில் நுழைவதற்கு மன்னிக்கவும். கன் ஷோவில் ஒரு ஜெர்மன் ராணுவ ரைஃபிள், கே98கே, பார்த்தேன். ரிசீவர் வளையத்தில் பிஒய்எஃப் 42. விற்பவர் "எல்லா நம்பரும் மேட்சிங்" என்று 1,800 டாலர் சொல்கிறார். போல்ட் நம்பரும் ரிசீவர் நம்பரும் ஒன்றுதான், நானே பார்த்தேன். எடுக்கலாமா?

பழைய இரும்பு (மிச்சிகன்)

முத்து, பிஒய்எஃப் என்பது ஓபர்ன்டார்ஃபில் இருந்த மவுசர் ஆலையின் ரகசியக் குறி, 42 ஆண்டு. அதுவரை சரி. போல்ட்டில் எண் எப்படி இருக்கிறது? அச்சு வைத்து அடித்தது போல ஆழமாக, ஒழுங்காக இருக்கிறதா, இல்லை மின்பேனாவால் கிறுக்கியது போல இருக்கிறதா? பழைய எண் ஒன்றின் மேல் கோடு போட்டிருக்கிறதா? கட்டையில் சிவப்பு கலந்த பளபளப்பு அரக்குப் பூச்சு இருக்கிறதா? ரிசீவரில் எக்ஸ் குறி?

ஓஹையோ முத்து

கையால் கிறுக்கியது போலத்தான் இருந்தது. அரக்கும் உண்டு. எக்ஸ் கவனிக்கவில்லை.

பழைய இரும்பு (மிச்சிகன்)

அப்படியானால் ரஷ்யர்கள் பிடித்தது. கிழக்கு முனையில் மலைபோல் குவிந்த ஜெர்மன் ரைஃபிள்களை சோவியத் கிடங்குகளில் மொத்தமாகக் கழற்றி, துடைத்து, கிடைத்த பாகத்தைக் கிடைத்த ரைஃபிளில் மாட்டி, எண்ணைப் புதிதாக எழுதி அடுக்கிவிட்டார்கள். எண் ஒத்துப்போகிறது, பாகங்கள் ஒன்றாகப் பிறந்தவை அல்ல. அசல் மேட்சிங் என்றால் போல்ட், எக்ஸ்ட்ராக்டர், சைட், வளையங்கள், அடித்தகடு, திருகு வரைக்கும் தொழிற்சாலையில் அடித்த எண்கள் இருக்கும். அந்த மாதிரி ஒன்று இரண்டாயிரத்துக்கு மேல் போகும். ரஷ்யப் பிடிப்பு இப்போது ஆயிரத்தைத் தாண்டினாலே நான் யோசிப்பேன்.

அது மட்டமான சரக்கு என்று சொல்லவில்லை. என்னிடமும் ஒன்று இருக்கிறது, எனக்கு அது பிடிக்கும். ரஷ்யப் பிடிப்பு என்று சொல்லி விற்கட்டும், அவ்வளவுதான்.

குழலிலோ ரிசீவரிலோ இறக்குமதியாளர் பெயரும் ஊரும் பொடி எழுத்தில் இருக்கிறதா என்றும் பாருங்கள். 1968 சட்டத்தோடு அமெரிக்காவில் ராணுவ உபரி இறக்குமதி நின்றது, எண்பதுகளின் நடுவில் பழம்பொருள் வகைக்குத் திரும்ப அனுமதி வந்தது. அதற்குப் பிறகு வந்தவற்றில் அந்தப் பொடி எழுத்து இருக்க வேண்டும். அது இல்லாதது பழைய வரவு, அல்லது சிப்பாய் கொண்டுவந்தது. சேகரிப்பவர்கள் கூடுதல் விலை கொடுப்பார்கள். இதற்காகவே அந்த எழுத்தைத் தேய்த்து அழிக்கிற ஆட்களும் உண்டு, எனவே அந்த இடத்தில் ப்ளூயிங் நிறம் மாறியிருக்கிறதா என்று தடவிப் பாருங்கள்.

சாணக்கியன்72

இவ்வளவு ஆராய்ச்சியா? 2,500 போட்டிருப்பவர்கள் எல்லாம் முட்டாள்களா?

லண்டன் வாசு

முட்டாள்கள் இல்லை, காத்திருப்பவர்கள். அந்த விளம்பரங்கள் ஒரு வருஷமாக அங்கேயே நிற்கும். போட்ட விலையை விடுங்கள், விற்ற விலையைப் பாருங்கள். ஏலத் தளங்களில் முடிந்த ஏலங்களை மட்டும் வடிகட்டிப் பார்க்கலாம். பெரிய ஏல நிறுவனங்களும் முடிந்த விலையை வெளியிடுகின்றன; அதில் வாங்குபவர் கமிஷன் சேர்ந்ததா இல்லையா என்று கவனிக்க வேண்டும். இருபது சதவீதம் அளவுக்கு அது போகும், அதை மறந்துவிட்டால் கணக்கே தப்பாகிவிடும்.

கோவை சுந்தரம்

எல்லாவற்றையும் ஆர்வமாகப் படிக்கிறேன். காவல்துறையில் இருந்தபோது .303 தூக்கியவன் நான். அந்தப் பின் உதை தோளுக்கு இன்னும் ஞாபகம் இருக்கிறது. இப்போது ஓய்வில் இருக்கிறேன். இங்கே இதைச் சேகரிக்க வழி உண்டா?

பழைய இரும்பு (மிச்சிகன்)

வணக்கம் ஐயா. 1959 ஆயுதச் சட்டப்படி இந்தியாவில் .303 தடைசெய்யப்பட்ட விட்டம், தனியார் லைசென்ஸில் சாதாரணமாகக் கிடைக்காது. உத்தரப் பிரதேசப் போலீஸ் 2020 குடியரசு நாள் வரைக்கும் அதை வைத்திருந்து, பிறகுதான் விடைகொடுத்தது. கனடாவில் வடக்கே ரோந்து போகும் ரேஞ்சர்களும் சி-19 என்ற புது ரைஃபிள் வரும் வரை நம்பர் 4தான் தூக்கினார்கள்.

ஆனால் நீங்கள் தூக்கியதன் உறவினர்கள் இங்கே நிறைய உண்டு. கொல்கத்தாவுக்கு வடக்கே ஹூக்ளிக் கரையில் இருக்கும் இஷாப்பூர் ஆலையில் செய்தவை. அறுபதுகளில் 7.62 தோட்டாவுக்காகவே உறுதியான எஃகில் புதிதாகச் செய்த 2ஏ1 ரகத்தை இங்கே பலர் விரும்பி வாங்குகிறார்கள். பலர் நினைப்பது போல அது .303-ஐக் குடைந்து மாற்றியது அல்ல; மேகசின் சதுரமாக இருப்பதை வைத்தே தூரத்திலிருந்து சொல்லிவிடலாம். காவலர்களுக்காக .410 ஒற்றைத் தோட்டா மஸ்கெட்டாக மாற்றியவையும் வருகின்றன. அவற்றில் உள்ளே வரி கிடையாது, வழுவழு குழல். முன்மரத்தின் குறுக்கே கூடுதலாக ஒரு திருகு இருந்தால் இந்தியாவில் பழுதுபார்த்தது என்று தெரிந்துகொள்ளலாம். மரத்தைச் சுற்றிக் கம்பி கட்டியிருந்தால் கிரனேடு எறிய வைத்திருந்தது. விலை அதிகம் இல்லை. எனக்கென்னவோ அது அநியாயமாகத் தோன்றுகிறது, ஆனால் சந்தைக்கு என் பாசம் தெரியாதே!

கொக்குவிலான் (மிசிசாகா)

டிபி எங்கும் இல்லை. குழல் உள்ளே பளபளப்பாக இருக்கிறது, வாய்ப்பக்கம் கொஞ்சம் மங்கல். கடையொன்றில் படங்களைக் காட்டினேன், 350 டொலர் தருவதாகச் சொன்னார்கள். அதே கடையில் இதே மாதிரி ஒன்று 895 போட்டுச் சுவரில் தொங்குகிறது! அப்ப எது விலை?

பழைய இரும்பு (மிச்சிகன்)

இரண்டும் இல்லை. கடைக்காரருக்கு வாடகை, காத்திருப்பு எல்லாம் உண்டு, பாதிக்கும் கீழே கேட்பது வழக்கம்தான். முழு மரம், நல்ல குழல், முத்திரைகள் தெரிகின்றன, போல்ட்டும் ஒத்துப்போகிறது என்றால் கனடாவில் தனியார் கைமாற்றில் 750 முதல் 900 வரை நான் நியாயம் என்பேன். உங்களுடையதில் போல்ட் மாறியிருக்கிறது. பிரிட்டிஷ் விற்பனை முத்திரையால் பெரிய நஷ்டம் இல்லை, சிலர் சற்றுக் குறைப்பார்கள். 550 முதல் 650 என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த அம்மாவுக்கு நானாக இருந்தால் 600 கொடுப்பேன். தோல் வார், குழல் நுனியில் மாட்டும் கத்தி (பயனெட்) ஏதாவது கூட இருக்கிறதா என்று கேளுங்கள், ஊசி மாதிரி இருக்கும் நம்பர் 4 பயனெட் அதே பெட்டியில் கிடந்தாலும் கிடக்கும்.

மட்டுறுத்துநர்

ஒரு நினைவூட்டல். கனடாவில் 2022 மே முதல் சாதாரண ரைஃபிள் கைமாறுவதற்கும் வாங்குபவரின் லைசென்ஸைச் சரிபார்த்துக் குறிப்பு எண் பெற வேண்டும். இறந்தவரின் சொத்தை நிர்வகிப்பவர் தற்காலிகமாக வைத்திருக்கலாம், ஆனால் மாற்றிக்கொடுக்கும்போது அந்த எண் கட்டாயம். அமெரிக்க நண்பர்கள் உங்கள் மாநிலச் சட்டத்தையும் பாருங்கள். முழு சீரியல் எண் தெரியும் படங்களை இங்கே ஏற்ற வேண்டாம்.

ஓஹையோ முத்து

98கே-காரரிடம் மின்பேனா எழுத்தைக் காட்டினேன். உடனே 1,100 என்றார். கும்பிடு போட்டுவிட்டு வந்துவிட்டேன்.

கொக்குவிலான் (மிசிசாகா)

600 என்று சொன்னேன், அம்மா 500 போதும் என்றார், கடைசியில் 600-ஐயே கையில் கொடுத்தேன். மகள்தான் நிர்வாகி, அவவே போன் பண்ணிக் குறிப்பு எண் எடுத்துத் தந்தா. நோர்மண்டி பற்றி நான் வாய் திறக்கவில்லை. பயனெட் இல்லை, ஆனால் கட்டையின் அடித்தகட்டு மூடிக்குள் எண்ணெய்க் குப்பியும், குழலைத் துடைக்கிற இழுகயிறும் அப்படியே இருக்கின்றன. குப்பி பித்தளை இல்லை, கறுப்பு பிளாஸ்டிக் மாதிரி. சனிக்கிழமை துவக்கு திருத்துபவரிடம் கொண்டுபோய் ஹெட்ஸ்பேஸ் பார்க்கிறேன்.

லண்டன் வாசு

பிளாஸ்டிக் குப்பியும் போர்க்காலத்ததுதான், பித்தளையை மிச்சம் பிடிக்கப் போட்டது. இழுகயிறை மட்டும் பயன்படுத்தாமல் எடுத்து வையுங்கள், பழைய நூல் குழலுக்குள் அறுந்து சிக்கினால் வெளியே எடுப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிடும்.